பக்கத்துல யாரு குந்தறது?

வண்டி ஓட்டுகிறவனிடம் அக்கா எதுவும் கேட்க மாட்டார்.

பிரேக்கில் கோளாறு என்று ஒருவன் வருவான். இந்தப் பக்கம் இழுக்கிறது, அந்தப் பக்கம் கத்துகிறது என்று கை காட்டிச் சொல்வான். அக்கா தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அவன் சொல்லி ஓய்ந்ததும் ஒன்றே ஒன்று கேட்பார்.

"பக்கத்துல யாரு குந்தறது?"

அவன் முழிப்பான்.

"உங்க பக்கத்து சீட்டுல தெனமும் யாரு குந்திட்டு வராங்க? அவங்கள கூட்டிட்டு வாங்க. அப்புறம் பாக்கலாம்."

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் லாரிகள் நிற்கிற பக்கம் அவர் கடை. பிரேக் லைனிங் மாற்றுகிற கடை. தேய்ந்த லைனிங்கை உடைத்து எடுத்துவிட்டுப் புதுசை வைத்து ரிவிட் அடிப்பார்கள். ரிவிட் அடிப்பது அவர் வீட்டுக்காரர். அவருக்கு ஒரு கால் மடங்காது. ஸ்டூலில் உட்கார்ந்து அந்தக் காலை நீட்டி வைத்துக்கொண்டு அடிப்பார். வண்டிக்கு அடியில் படுப்பது அக்கா. சுடிதார் மேல் ஒரு காக்கிச் சட்டை போட்டிருப்பார். தலையில் துண்டு. காதில் கம்மல் மட்டும் பளபளவென்று இருக்கும்.

பேரை எழுதவில்லை. கேட்டுவிட்டு எழுதலாம் என்றால் அவர் இப்போது ஊரில் இல்லை. எங்கள் பிக்கப் ஸ்டாண்டில் எல்லாருக்கும் அவர் லைனிங் அக்கா. நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை அண்ணே என்பார். யார் மூத்தவர் என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை.

நான் பிக்கப் வண்டி வைத்திருக்கிறேன். கண்ணாடி ஏற்றுகிறேன். ஜன்னலுக்கு, கடை முகப்புக்கு, ஓட்டல் பாத்ரூமுக்குப் போகிற பெரிய பெரிய கண்ணாடி. மேட்டுப்பாளையத்தில் அறுக்கிறார்கள். நான் டவுனுக்கும் கடலூர் ரோட்டுப் பக்கமும் கொண்டுபோய் இறக்குகிறேன். கண்ணாடியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு ஆள் நான். இன்னொரு ஆள் என் மனைவி அஞ்சலை. நடுவில் அட்டை வைப்பது, கயிறு கட்டுவது எல்லாம் அவள்தான். அவள் கட்டிய கயிறு அவிழ்ந்ததில்லை. வேலை முடியும்வரை அவள் என் பக்கத்து சீட்டில்தான் இருப்பாள்.

அந்த வண்டிக்கு ஒரு குறை இருந்தது. பிரேக் மிதித்தால் முன்பக்கம் அப்படியே தரைக்கு இறங்கும். பின்பக்கம் எழும்பும். வண்டி நிற்கும், ஆனால் மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும். பழகிவிட்டது. எல்லா பிக்கப்பும் இப்படித்தான் என்று நினைத்தேன்.

ஒரு நாள் நோணாங்குப்பத்தில் போட் ஹவுசுக்குத் திரும்புகிற இடம். முன்னால் போன வெளியூர் கார்க்காரர் போர்டைப் பார்த்துவிட்டுச் சட்டென்று நின்றார். நானும் மிதித்தேன். மூக்கு குத்தியது. பின்னால் இரும்பு ஸ்டாண்டில் நின்றிருந்த கண்ணாடி மொத்தமும் முன்னால் சரிந்து வந்தது. கயிறு அவிழவில்லை. கயிற்றோடு ஸ்டாண்டே வந்தது. கேபின் பின்கண்ணாடி உடைந்தது. ஒரு கண்ணாடியின் மூலை உள்ளே வந்து நின்றது. அஞ்சலையின் கழுத்துக்கும் அதற்கும் ஒரு சாண் இருக்கும். அவள் பின்னலில் கண்ணாடித் தூள்.

அவள் இறங்கினாள். பின்னலை உதறினாள். அன்றைக்கு மீதி வேலையையும் செய்தாள். வீட்டுக்குப் போகும்போது வண்டியில் ஏறவில்லை.

"நான் ஷேர் டெம்போல வரேன். நீங்க போங்க."

மறுநாளும் டெம்போ. அதற்கு மறுநாளும் டெம்போ. நான் கண்ணாடியோடு போய் நிற்பேன். அவள் டெம்போவில் வந்து இறங்குவாள். தூக்குவோம், இறக்குவோம். அவள் திரும்ப டெம்போ பிடிக்கப் போவாள். வேலையை விடவில்லை. என் பக்கத்தில் மட்டும் உட்கார மாட்டாள்.

அந்த சீட்டு காலியாக இருந்தது. எனக்கு ஓட்டவே பிடிக்கவில்லை.

ஒரு மெக்கானிக் முன்னால் புது ஷாக் அப்சர்பர் போட்டார். குறையவில்லை. இன்னொருவர் முன் ஸ்பிரிங் நடுவில் தடித்த ரப்பர் வளையம் சொருகினார். மேடு பள்ளத்தில் மண்டையில் இடித்தது. பிரேக் மிதித்தால் அதே மூக்கு. அப்புறம்தான் யாரோ சொல்லி லைனிங் அக்கா கடைக்குப் போனேன்.

"வண்டி மூக்கு குத்துதுக்கா" என்றேன்.

ரிவிட் அடித்துக்கொண்டிருந்த அவர் வீட்டுக்காரர் தலையைத் தூக்காமல் சொன்னார். "அதுக்கு ஆசாரி கடைக்குப் போங்கண்ணே. இங்க லைனிங் மட்டும்தான்."

அக்கா சிரிக்கவில்லை. "பக்கத்துல யாரு குந்தறது?"

"என் வீட்டுக்காரி."

"எங்க?"

"வரல."

"ஏன்?"

"வண்டில ஏற மாட்டேங்குது."

அக்கா முதல் தடவையாக என் வண்டியைப் பார்த்தார். உடைந்த பின்கண்ணாடிக்கு நான் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைப் பார்த்தார்.

"அவங்கள கூட்டிட்டு வாங்க."

"நான் ஓட்றவன்கா. எனக்குத் தெரியாதா? முன்னாடிதான் குறை. ஸ்பிரிங்கு வீக்கு."

"ஓட்றவங்களுக்கு ஸ்டீரிங் இருக்குது, புடிச்சிக்கிறீங்க. பிரேக் எப்ப வரும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். பக்கத்துல குந்தறவங்களுக்கு ரெண்டும் இல்ல. வண்டி இன்னா பண்ணுதுன்னு அவங்க ஒடம்புக்குத்தான் தெரியும்."

நான் நகரவில்லை. சரி என்று அவரே ஏறி உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். கையை மடியில் வைத்துக்கொண்டார், எதையும் பிடிக்கவில்லை. காலி ரோட்டில் கொஞ்சம் வேகம் எடுத்து மிதித்தேன். வண்டி குத்தியது. அக்கா முன்னால் போய் வந்தார். "துஸ்மான்" என்றார். இன்னொரு தடவை மிதித்தேன். "துஸ்மான், துஸ்மான்" என்றார். கொஞ்சம் சத்தமாக.

இறங்கிக் கையைத் துடைத்தார். "குத்துது. நெசம்தான். ஆனா நான் இன்னிக்கு ஏறினவ. தெனமும் குந்தறவங்க வந்தாதான் பாப்பேன்."

பக்கத்துக் கடை சீட் கவர் தைக்கிற பாயுடையது. டவுனில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கிற குடும்பம். எனக்குத் தெரிந்தவர். போகும்போது அவரிடம் கேட்டேன்.

"பாய், துஸ்மான்னா இன்னா?"

பாய் மிஷினை நிறுத்தினார். "துஷ்மனா? எதிரி. விரோதி. ஏன், யாரு யார சொன்னது?"

நான் அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பிரேக் ரிப்பேருக்குப் போனவனை விரோதி என்று சொல்கிற கடை எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. அதுவும் மூன்று தடவை.

*

மற்றவர்களுக்கு நடந்ததை நான் பிறகு பார்த்ததும் கேட்டதும் உண்டு. அதையும் சொல்லவேண்டும்.

சேதராப்பட்டு கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற வேன் ஒன்று. பிரேக் சூடாகிறது, லைனிங் கருகுகிற வாடை வருகிறது என்று டிரைவர் வந்தார். அக்கா வழக்கம்போலக் கேட்டார். ஷிப்ட் முடிந்து வருகிற வழியில் டிரைவர் வேனையே கடைக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். உள்ளே பன்னிரண்டு பெண்கள். அக்கா கதவைத் திறந்து கேட்டார்.

"யம்மா, வண்டி எப்ப குலுங்குது?"

பின்சீட்டுப் பெண் ஒருத்தி சொன்னாள். "பாட்டு போட்டா குலுங்குதுக்கா."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "நெசமாத்தான். சோகப் பாட்டுன்னா குலுங்காது. குத்துப் பாட்டுன்னாதான்."

அக்கா டிரைவரை சீட்டில் உட்காரச் சொன்னார். பாட்டைப் போடச் சொன்னார். கீழே குனிந்து காலைப் பார்த்தார். அந்த மனுஷர் பிரேக் பெடல் மேல் காலை வைத்துத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கே தெரியாது.

"லைனிங்குக்கு ஒண்ணும் இல்ல" என்றார் அக்கா. "பாட்ட மாத்துங்க."

பக்கத்தில் யாரும் இல்லை, தனியாகத்தான் ஓட்டுகிறேன் என்று ஒருவர் தப்பிக்கப் பார்த்தார். அக்கா விடவில்லை. "சாப்பாட்டு கேரியர எங்க வெப்பீங்க?" பக்கத்து சீட்டில் என்றார். அக்கா போய் சீட்டில் சாம்பார் கறை எந்தப் பக்கம் வழிந்திருக்கிறது என்று பார்த்தார். இடது பக்கம். இடது சக்கரத்தைக் கழற்றினார். கோளாறு அங்கேதான் இருந்தது.

நல்லவர் என்று மட்டும் எழுதினால் பொய் ஆகிவிடும். பிடிவாதம் அதிகம். அவசரத்தில் வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஒருவர் வாசலில் நின்று கத்தினார். பொம்பளைக்கு இவ்வளவு திமிரா என்றார். அக்கா காதில் வாங்காமல் டிரம்மில் தூசி ஊதினார். மறுநாள் அதே ஆள் மாமியாரோடு வந்தார். பக்கத்தில் உட்காருவது மாமியார்தானாம். அந்தம்மா ஒரு மணி நேரம் பேசியது. பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம், மருமகனைப் பற்றி மீதி. அக்கா அத்தனையும் கேட்டார்.

*

நான் பத்து நாள் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை.

பத்தாவது நாள் முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டுக்குக் கண்ணாடி. நான் போய்விட்டேன். அஞ்சலை வரவில்லை. டெம்போ எங்கோ நின்றுவிட்டது. வீட்டுக்காரர்கள் அவசரப்பட்டார்கள். அங்கே இருந்த வாட்ச்மேன் நான் பிடிக்கிறேன் என்று வந்தார். கண்ணாடி தூக்கிப் பழக்கம் இல்லாத கை. விளிம்பு உள்ளங்கையில் இறங்கிவிட்டது. அஞ்சலை வரும்போது நான் அந்தப் பெரியவர் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் நாலு தையல்.

வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அவள்தான் முதலில் பேசினாள்.

"நான் வண்டில வந்திருந்தா இது ஆயிருக்காது."

"ஆமா."

"ஆனா எனக்கு ஏற முடியல. கால் வரல. நான் இன்னா பண்ணட்டும்."

அவள் அழவில்லை. நான் சொன்னேன்.

"மேட்டுப்பாளையத்துல ஒரு அக்கா இருக்குது. உன்ன கூட்டிட்டு வரச் சொல்லுது."

"என்னையா? நான் எதுக்கு? எனக்கு வண்டியப் பத்தி இன்னா தெரியும்?"

"தெரியல. உன்னதான் கேக்குது. என்ன ஒரு வார்த்த கேக்கல."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மறுநாள் காலையில் நல்ல புடவை கட்டிக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கும் டெம்போதான். டெம்போ முன்னால் போனது, நான் பின்னால் ஓட்டிக்கொண்டு போனேன். அவள் கடைசி சீட்டில் உட்கார்ந்து என் வண்டியையே பார்த்துக்கொண்டு வந்தாள். ராஜீவ் காந்தி சிலை சிக்னலில் டெம்போ நின்றது. நானும் மிதித்தேன். வண்டி அவளைப் பார்த்துக் கும்பிடு போட்டது.

அக்கா அவளுக்கு ஸ்டூல் போட்டார். டீ வரவழைத்தார். எனக்கு ஸ்டூல் இல்லை.

"சொல்லுங்க. இன்னா பண்ணுது?"

அஞ்சலை முதலில் தயங்கினாள். அப்புறம் நிறுத்தவில்லை.

"அவரு முன்னாடி குத்துதுன்றாரு. எனக்கு அப்டி இல்லக்கா. எனக்கு மொதல்ல பின்னாடி தூக்குது. அப்புறம்தான் முன்னாடி போகுது. வண்டி சும்மா நிக்கும்போதே முன்னாடி சாஞ்சிதான் நிக்குது. மடியில தூக்குவாளி வெச்சா வழுக்குது. கோழி தவிடு கொத்தும் பாருங்க, வாலத் தூக்கிட்டு, அப்டித்தான் இருக்குது நம்ப வண்டி."

"வாங்கினதுலருந்தா?"

"இல்ல. வாங்கினப்ப நல்லா இருந்துச்சு. பூச போட்டு ரெண்டு நாள் கழிச்சி."

"அந்த ரெண்டு நாள்ல இன்னா பண்ணாரு?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. நான் லாரிகளைப் பார்த்தேன்.

"பட்டை போட்டாரு" என்றாள் அஞ்சலை. "பின்னாடி ரெண்டு பட்டை எச்சா போட்டாரு. ஸ்டாண்டுல எல்லாரும் போடறாங்கன்னு."

உண்மைதான். எங்கள் ஸ்டாண்டில் புது பிக்கப் வந்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்போம். அடுத்த வேலை, பின் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடச் சேர்ப்பது. பாரம் கூட ஏற்றலாம், பின்பக்கம் தொய்யாது. பின்னால் தூக்கிக்கொண்டு நின்றால்தான் வண்டிக்கு அழகு என்பார்கள். நானும் அப்படி நின்று பார்த்து ரசித்திருக்கிறேன். அதை ஒரு குறை என்று நினைக்கவே இல்லை. அதனால் இரண்டு மெக்கானிக்கிடமும் சொல்லவும் இல்லை.

அக்கா டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்பக்கம் படுத்தார். முன்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு நிமிஷத்தில் உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

"அண்ணே, குனிஞ்சி பாருங்க. நீங்களும் பாருங்கம்மா."

நாங்கள் இருவரும் குனிந்தோம். பின் ஆக்சிலிலிருந்து மேலே சேஸுக்கு ஒரு சின்னக் கம்பி போயிற்று. மேலே ஒரு வால்வில் சேர்ந்திருந்தது. மூன்று வருஷமாக என் வண்டி. அதை நான் பார்த்ததே இல்லை.

"இதான் தராசு" என்றார் அக்கா. "பாரம் ஏத்தினா வண்டி பின்னாடி அமுங்கும். அமுங்கினா இந்தக் கம்பி மேல போவும். அப்ப வால்வு, ஓஹோ பாரம் இருக்குதுன்னு பின் பிரேக்குக்கு நெறைய ஆயில் வுடும். காலி வண்டின்னா கொஞ்சமா வுடும். நீங்க ரெண்டு பட்டை போட்டு தூக்கிட்டீங்க. எவ்ளோ கண்ணாடி ஏத்தினாலும் அமுங்கல. தராசு இன்னா நெனைக்கும்?"

"காலின்னு" என்றாள் அஞ்சலை.

"அவ்ளோதான். மூணு வருஷமா உங்க வண்டி காலி வண்டின்னு நெனச்சிட்டே ஓடுது. பின் பிரேக்கு வேலையே செய்யல. மொத்தத்தையும் முன் பிரேக்கு ஒண்டியா இழுக்குது. குத்தாம இன்னா பண்ணும்?"

பின் சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்தார். லைனிங் புதுசு போல இருந்தது. அவர் வீட்டுக்காரர் அதை வாங்கித் தடவிப் பார்த்தார். "கல்யாண வீட்டுல மாப்பிள்ளை குந்தின மாரி குந்திட்டு இருந்திருக்குது" என்றார்.

முன் பிரேக் பேடை நான் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றிக்கொண்டிருந்தேன். அது ஏன் என்று யோசித்ததில்லை.

அஞ்சலை அப்போது ஸ்டூலில் உட்கார்ந்தபடி கேட்டாள். அவளுக்கு மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"அக்கா, எங்க வீட்டுக்காரர விரோதின்னு சொன்னீங்களாமே? ஏன்?"

அக்கா ஸ்பேனரைக் கீழே வைத்தார். "நானா?"

"துஷ்மன்னு சொன்னீங்களாம். மூணு வாட்டி. பாய் அர்த்தம் சொன்னாராம்."

அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் வீட்டுக்காரர்தான் விளக்கினார்.

"துஷ்மன் இல்லம்மா. துஸ்மான். பிரெஞ்சு. மெதுவா, பதனமான்னு அர்த்தம். எங்கப்பா சொல்தா, சிப்பாய். பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கினவரு. நான் வண்டி ஓட்டுனா பக்கத்துல குந்திட்டு அதத்தான் சொல்லிட்டே வருவாரு. அவராண்டருந்து இவ புடிச்சிக்கினா."

சத்தம் கேட்டு பாய் எட்டிப் பார்த்தார். விஷயம் தெரிந்ததும் அவர் முகம் போன போக்கு. "நான் இன்னா பண்ணட்டும், நீங்க உருது கேக்கறீங்கன்னு நெனச்சேன். பிரெஞ்சுன்னா சொல்லிட்டுக் கேக்கணும் இல்ல?"

நான் பத்து நாள் கோபமாக இருந்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. அஞ்சலையிடம் மட்டும் முந்தின ராத்திரி சொல்லியிருந்தேன். அவள் என்னைப் பார்த்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நோணாங்குப்பத்துக்கு அப்புறம் அவள் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

*

இரண்டு பட்டையையும் கழற்றினார்கள். முன்னால் சொருகியிருந்த ரப்பர் வளையத்தை எடுத்தார்கள். தராசுக் கம்பியை அளவு பார்த்து முடுக்கினார் அக்கா. பின் வீல் சிலிண்டர் ஒன்று வேலை செய்யாமலே இறுகிப்போயிருந்தது. அதை மாற்றினார். கண்ணாடி ஸ்டாண்டை அஞ்சலை காட்டிய இடத்துக்கு நகர்த்தி, பின் ஆக்சிலுக்கு நேராக வைத்து போல்ட் போட்டார்.

"இனிமே பாரம் கம்மியாத்தான் ஏத்தணும்" என்றார் என்னிடம். கேள்வி இல்லை என்பதால் என்னிடம் சொன்னார். "ஒரு நடை போறத ரெண்டு நடையா போங்க."

"சரிக்கா."

"அப்புறம் சுத்தமா குனியாம எந்த வண்டியும் நிக்காது. கொஞ்சம் குனியும். அதுக்கும் பயந்துக்காதீங்க" என்றார். இதை அஞ்சலையிடம்.

வேலை முடிந்தது. ஓட்டிப் பார்க்கவேண்டும். அக்கா ஏறவில்லை. வாசலில் நின்றுகொண்டார். நான் கதவைத் திறந்து வைத்தேன்.

அஞ்சலை கதவருகில் வந்தாள். படியைப் பார்த்தாள். உள்ளே பின்கண்ணாடியைப் பார்த்தாள். புதுக் கண்ணாடி நானே போட்டிருந்தேன். ஒரு காலை வைத்தாள், எடுத்தாள். அக்கா ஏறு என்று சொல்லவில்லை. ரிவிட் சத்தமும் நின்றுபோயிருந்தது. பாய் மிஷின் சத்தத்தையும் காணோம். அஞ்சலை புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஏறிவிட்டாள்.

இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டாள். நரம்பு தெரிந்தது.

லாரிகளுக்கு நடுவே இருந்த ரோட்டில் மெதுவாக எடுத்து மிதித்தேன். வண்டி நின்றது. வேறு வண்டி போல இருந்தது எனக்கு.

"இன்னொரு வாட்டி" என்றாள்.

கொஞ்சம் வேகமாகப் போய் மிதித்தேன்.

"இன்னும் வேகமா."

மூன்றாவது தடவை நன்றாகவே மிதித்தேன். டயர் கத்தியது. அவள் இறங்கி நேராக அக்காவிடம் போனாள்.

"முன்னாடி மட்டும் போகலக்கா. மொத்தமா அமுங்குது. குந்தற மாரி இருக்குது."

அக்கா தலையை ஆட்டினார். அவ்வளவுதான். அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு அஞ்சலை டெம்போவில் போகவில்லை.

*

அப்புறம் நான் அடிக்கடி போவேன். வேலை இல்லாவிட்டாலும் டீ குடிக்கப் போவேன். ஒரு நாள் கேட்டேன். இந்தப் பழக்கம் எப்படி வந்தது, பக்கத்தில் உட்காருகிறவரைக் கேட்பது?

அக்கா வண்டிக்கு அடியில் போய்விட்டார். வீட்டுக்காரர் தன் காலைத் தட்டினார்.

"இதைக் கேளுங்க. மூணு நாளா இவ சொன்னா, வண்டி எடது பக்கம் இழுக்குதுன்னு. ஓட்றவன் நான், எனக்குத் தெரியாதான்னேன். நாலாவது நாள் வில்லியனூர் ரோட்டுல புளியமரம் சொல்லிச்சு."

"அக்காவுக்கு?"

"அவளுக்கு ஒண்ணும் ஆவல. அவதான் எந்தப் பக்கம் போவும்னு தெரிஞ்சி கால ஊனிட்டு இருந்தாளே."

வண்டிக்கு அடியிலிருந்து அக்கா குரல் வந்தது. "துஸ்மான். பழைய கதை போதும். அந்த ரிவிட்ட எடுத்துக் குடுங்க."

ஒரு வருஷம் கழித்து அவர்கள் பிரான்சுக்குப் போனார்கள். அப்பா வழியில் வீட்டுக்காரருக்கு அந்த நாட்டுக் குடியுரிமை உண்டு. மகன் முன்னாலேயே போய் அங்கே வேலையில் இருந்தான். காலுக்கு அங்கே வைத்தியம் நன்றாகக் கிடைக்கும் என்று கூப்பிட்டுக்கொண்டான். இப்போது அந்தக் கடையில் பேட்டரி விற்கிறார்கள்.

கிளம்புகிற வாரம் நானும் அஞ்சலையும் போனோம். கடை பாதி காலி. வீட்டுக்காரர் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்து கடைசி பிரேக் ஷூவுக்கு ரிவிட் அடித்துக்கொண்டிருந்தார். அஞ்சலை கொண்டுபோன முறுக்கை அக்கா வாங்கி வைத்துக்கொண்டார். பழக்கம் மாறவில்லை. என்னைத் தாண்டி அவளைப் பார்த்தார்.

"வண்டி எப்டி இருக்குது?"

"என்ன கேக்காதீங்கக்கா. எனக்குத் தெரியாது."

"ஏன்?"

"நேத்து நோணாங்குப்பத்துல, அதே எடத்துல, ஆடு குறுக்க வந்துச்சாம். சடன் பிரேக் போட்டாராம். பின்னாடி கண்ணாடி வேற இருந்துச்சு. இவரு சொல்லித்தான் தெரியும்."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"பக்கத்துலதான். தூங்கிட்டேன்."

ரிவிட் சத்தம் நின்றது. அக்கா கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். அவரைத் தெரிந்த அத்தனை நாளில் வண்டி எப்படி என்று அவர் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அப்ப நீங்கதான் சொல்லணும் அண்ணே. எப்டி இருக்குது?"

ஷாக்கைச் சொல்வதா, பின் பிரேக்கைச் சொல்வதா என்று யோசித்தேன். பக்கத்தில் அஞ்சலை நின்றுகொண்டிருந்தாள்.

"நல்லா தூங்குதுக்கா" என்றேன்.